மங்கையர்க்கரசி கொண்டுபோன வெயில்

ஆனி மாதத்து உச்சிவெயிலில், மதுரை சிந்தாமணிப் பக்கத்தில், ஒரே ஒரு வீட்டு மொட்டைமாடியில் மட்டும் தூறல் விழுந்தது. அந்த வீட்டுக்காரன் கனகவேல் முதலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிகிறதென்று நினைத்து, "மோட்டாரை நிறுத்துங்கப்பா" என்று சுவருக்கு மேலாகச் சத்தம் போட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். மாடியின் நாலு கைப்பிடிச்சுவருக்கு நேர் மேலே, அளவெடுத்து வெட்டி வைத்தாற்போல, சாம்பல் நிறத்தில் ஒரு வானம் தாழ்ந்து கிடந்தது. சுவரைத் தாண்டிக் கையை நீட்டினால் சுள்ளென்று வெயில், இழுத்துக்கொண்டால் குளிர்ந்த தூறல். காயப்போட்டிருந்த அப்பளமெல்லாம் மறுபடி மாவாகிப் போவதற்குள் அள்ளிவிட வேண்டுமென்று அப்பள வேலைக்கு வந்திருந்த பாண்டியம்மாளும் மற்றப் பெண்களும் ஓடினார்கள். அள்ளி முடித்து, முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே பாண்டியம்மாள் மேலே பார்த்தாள்.

"இது நம்ம ஊரு மழை இல்ல தம்பி. வாசமே வேறயா இருக்கு. உப்பும் மீனுமா அடிக்குது."

அப்போது கனகவேலின் மனைவி மங்கையர்க்கரசி நார்வே நாட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் போனது அப்பளத்துக்காகத்தான். கல்யாணமான புதிதில் புருஷனும் பொண்டாட்டியுமாக வீட்டுக்குள்ளேயே மாவு இடித்து, உருட்டி, தேய்த்து, மாடியில் காயவைத்து, சைக்கிளில் கடைகடையாகப் போட்டுத் தொடங்கிய தொழில் அது. பிள்ளை பிறக்கவில்லை, தொழில்தான் வளர்ந்தது. தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வேலைக்கு வந்தார்கள், அப்பளம் திருச்சிக்குப் போனது, கொழும்புக்குப் போனது. கொழும்பில் வாங்கித் தின்ற யாரோ ஒருவர் வழியாக நார்வேயில் பேர்கன் என்ற துறைமுகத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த தர்மவதி என்கிற யாழ்ப்பாணத்து அம்மாளின் காதுக்கும் போனது. அவள் கேட்டாள், இவர்கள் அனுப்பினார்கள், கப்பலில் மூன்று கடல் தாண்டிப்போன அப்பளத்தில் முழுசாகப் போய்ச் சேர்ந்தது பாதிகூட இல்லை. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி நொறுங்கியது. கடைசியில் தர்மவதி போனில், "நொறுங்கினதை ஏன் பிள்ளை கப்பல்ல ஏத்துறீர்? நீரே வாரும். இஞ்ச வச்சே செய்வம். என்ரை கடைக்குப் பின்னால முற்றம் சும்மாதான் கிடக்குது" என்றாள்.

கனகவேலுக்கு மாவின் பதம் கைவராது. அவன் பொட்டலம் கட்டுகிறவன், லாரி ஆபீசில் சண்டை போடுகிறவன். பதம் மங்கையர்க்கரசியின் கையில் இருந்தது. அதனால் அவள் போனாள். ஆறு மாதத்தில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று பேச்சு.

பேர்கன் மழைக்குப் பேர்போன ஊர். ஏழு மலைகளுக்கு நடுவில் கடல் மேகமெல்லாம் வந்து முட்டி நின்று பெய்துகொண்டே இருக்கிற ஊர். தர்மவதி வாங்கி வைத்திருந்த காயவைக்கும் இயந்திரத்தில் மங்கையர்க்கரசி அப்பளத்தை வைத்து எடுத்தாள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. எண்ணெயில் போட்டால் உப்பாமல், செத்த கண்மாதிரி வட்டமாக விறைத்துக் கிடந்தது. சூட்டைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், மாவில் அப்பளக்காரத்தை மாற்றிப் பார்த்தாள். ஒரு மாதம் இப்படிப் போனது. அன்றைக்குக் காலையில் கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் தகர வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மாவு படிந்த கையோடு, ஊருக்கே போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, முதுகில் சுள்ளென்று வெயில் விழுந்தது. ஊர் முழுக்க மழை பெய்துகொண்டிருக்க, அந்த முற்றத்துக்குள் மட்டும் கண் கூசுகிற, கல் சுடுகிற, காக்கை கரைந்தால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிற மதுரை வெயில். ஏன் வந்தது என்று அவள் கேட்கவில்லை. உருட்டின மாவு கையில் இருந்தது, காய்ந்துவிடும். உள்ளே ஓடிப்போய்த் துணியை எடுத்து வந்து விரித்தாள்.

அந்த அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் பூத்தது.

அன்று அவள் போன் பண்ணினபோது கனகவேல் மாடியில் குடையோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னங்க, இங்க நம்ம வெயில் வந்திருக்கு" என்றாள்.

"அப்படியா? இங்க உன் ஊரு மழை வந்திருக்கு" என்றான் அவன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அவர்கள் போனில் சிரித்ததே இல்லை.

சிந்தாமணித் தெரு அந்த மழையை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் கூட்டம் வந்தது. சாமி இறங்கியிருக்கிறது என்று சூடம் கொளுத்தப் போனவர்களின் சூடம் நமுத்துப் போய்ப் பற்றவே இல்லை, பாசியில் வழுக்கி இரண்டு பேர் விழுந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, மழைநீர் சேகரிப்புக் குழாய் சரியாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வேர்க்குரு கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் மதியத்தில் வந்து ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள், அங்கே குளுகுளுவென்று இருந்தது. கோடையில் இரவு இரண்டு மணி வரைக்கும் அந்த மாடியில் மட்டும் வெளிச்சம் இருந்தது, மார்கழியில் மதியம் இரண்டு மணி வரைக்கும் விடியவே இல்லை. தெருவில் வழி சொல்கிறவர்கள், "மேல இருட்டா இருக்கும் பாருங்க, அந்த வீட்டுக்கு மூணாவது வீடு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு தை மாதத்தில் மாடி நிறையப் பனி கொட்டியது. வெள்ளை வெளேரென்று முழங்கால் உயரத்துக்குக் கிடந்த அதைப் பாண்டியம்மாள் தம்ளரில் அள்ளி, மேலே நன்னாரி சர்பத்தை ஊற்றி, தெருவுக்கே கொடுத்தாள். தின்றவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள், பல் கூசுகிறது என்றார்கள், நாளைக்கும் இருக்குமா என்று கேட்டார்கள்.

பெண்கள் தங்கள் தங்கள் வீட்டு மாடியில் அப்பளம் காயவைத்து எடுத்து வந்தார்கள். தொழில் நிற்கவில்லை. கனகவேலின் மாடியில்தான் ஒன்றும் காயவில்லை. அவன் வேட்டிகூடக் காயவில்லை.

பேர்கன்காரர்களும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அவர்கள் வழக்கப்படி சத்தமில்லாமல். முதலில் உணவுச் சோதனை அதிகாரியாக ஓர் இளம்பெண் வந்து, முற்றத்துத் தரையில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, தன் மழைக்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அரைமணி நேரம் பேசாமல் நின்றாள், பிறகு எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொன்னாள். அடுத்த வாரம் வேலையில்லாமலே வந்தாள். அக்கம்பக்கத்தவர்கள் அழைப்பு மணியை அடித்து, கொஞ்ச நேரம் நிற்கலாமா என்று கேட்டு, நின்று, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பளத்துக்கு அவர்கள் பாஷையில் சூரிய ரொட்டி என்று அர்த்தம் வருகிற ஒரு பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கடைத்தொகுதி அதே பெயரை அட்டையில் அச்சடித்து விற்றது. மதுரையில் பொழுது விடியும்போது அங்கே இன்னும் விடிந்திருக்காது, அதனால் மங்கையர்க்கரசி ஊர் எழுந்திருப்பதற்கு வெகுமுன்னே எழுந்து மாவோடு முற்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் முற்றத்தில் மட்டும் மதுரையின் இருட்டு வந்துவிடும், கொசு இல்லாத மதுரை ராத்திரி, நட்சத்திரத்தோடு. அந்த நேரத்தில் அவளுக்கு வேலை ஓய்ந்திருக்கும், ஊரில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள்.

முற்றத்துக்குத் தினமும் வந்தவர் ஒருவர்தான். ஆர்னே என்று பெயர், கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற, மனைவி இறந்துபோன, நீளமான மனிதர். தன் வீட்டிலிருந்து ஒரு மர நாற்காலியைச் சுமந்து வந்து முற்றத்து மூலையில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், இவளுக்கும் கொஞ்சம் தெரியும், இருவருக்கும் தெரிந்த கொஞ்சமும் வேறுவேறு கொஞ்சமாக இருந்ததால் பேச்சு நடக்கவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். காற்றடித்துத் துணி புரண்டால் எழுந்துபோய்க் கல்லை எடுத்து வைப்பார். போகும்போது அவளைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைப்பார். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நாள் முழுக்கப் பார்த்த மனித முகம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆறு மாதம் ஒரு வருஷமானது. நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதென்ற திட்டம் எப்படிக் கெட்டது என்பது ஓஸ்லோ பொருட்காட்சியில் தெரிந்தது. உலகத்துச் சிறு வியாபாரிகளெல்லாம் கடை போடுகிற அந்தக் காட்சிக்குத் தர்மவதி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். ரயில் பேர்கனை விட்டுக் கிளம்பினதும் முற்றத்தில் மழை விழுந்ததாகக் கடையிலிருந்து போன் வந்தது. ஓஸ்லோவில் அவர்கள் கடை போட்ட கண்ணாடிக் கூரைக்கு மேலே மதுரை வெயில் வந்து நின்றது. சுற்றியிருந்த கடைக்காரர்கள் கோட்டைக் கழற்றினார்கள், சாக்லேட் விற்கிறவன் சரக்கைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு ஓடினான். ரயிலில் திரும்பும்போது தர்மவதி வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச பாரும் பிள்ளை. வெயில் முற்றத்துக்கு வரேல்லை. உமக்குப் பின்னால வந்திருக்கு" என்றாள்.

"நான் எங்க போனாலும் வருமாக்கா?"

"ஓம். அப்ப நீர் ஊருக்குப் போனீரெண்டால் அதுவும் போயிடும். ட்ரொண்ட்ஹைம் டவுனிலையும் ஒரு கிளை போடுவமெண்டு நினைச்சனான், அதுவும் சரிவராது. நீர் ஒராள்தானே." பிறகு பாசத்தோடுதான், "நீர் இல்லாட்டில் தொழில் இல்லை, விளங்குதோ" என்றாள்.

மங்கையர்க்கரசிக்கு விளங்கியது. அந்த முற்றத்தை நம்பி அதற்குள் ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள், சோமாலியாக்காரி ஒருத்தி, போலந்துக்காரிகள் இரண்டு பேர், மற்றவர்கள் ஈழத்தவர்கள். சிந்தாமணியிலும் அந்த வருமானத்தில்தான் பாண்டியம்மாள் வீட்டுக்குத் தளம் போட்டிருந்தது. "வாங்களேன் நீங்க" என்று கனகவேலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "நானும் வந்துட்டா இங்கிட்டு யாரு பாக்குறது?" என்றான். அது நியாயமாகத்தான் இருந்தது. அவர்கள் தொழிலில் எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

பேச்சு எப்படிக் குறைந்தது என்று இருவராலும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் வெளியூர் போனால் அவர்கள் போனில் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, அங்கே மழையா, வெயிலா என்பதாக இருந்தது. அதிலிருந்து பேச்சு கிளைவிட்டு, கடைக்குப் போய், சமையலுக்குப் போய், தெருச் சண்டைக்குப் போகும். இப்போது அவள் ஊரில் மழையா என்று கேட்க அவனுக்கு அவசியமில்லை, தலைமேல் பெய்துகொண்டிருக்கிறது. அவன் ஊரில் வெயிலா என்று கேட்க அவளுக்கு அவசியமில்லை, உச்சந்தலை காய்கிறது. கிளைவிட அடிமரம் இல்லாமல் போனது. "சாப்பிட்டாச்சா" என்பார்கள். "ஆச்சு" என்பார்கள். சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. அவ்வளவுதான்.

கனகவேல் மாடியில் செடி வைத்தது இரண்டாம் வருஷத்தில். சும்மா கிடக்கிற மழை வீணாகிறதே என்றுதான் வைத்தான். உரக்கடைக்காரர் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளைப் பழைய மாவு டப்பாக்களில் நட்டான். மூன்று செத்தன, மிச்சமெல்லாம் பிடித்தன. நீண்ட கோடை வெளிச்சத்தில், நிற்காத தூறலில், வேறெங்கும் காய்க்காதபடி காய்த்துத் தள்ளின. கடித்தால் நாக்கில் ஒரு மிரட்டல் மிரட்டிவிட்டு இனிக்கிற பழம். முதலில் தெருவுக்குக் கொடுத்தான், பிறகு கேக் கடைக்கு, பிறகு ஜூஸ் கடைக்கு. பிறகு ஒருநாள் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல் பார்க்கிறவன் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாரம் இரண்டு தடவை விமானத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டான். இவனால் முடிந்தது. பாண்டியம்மாளின் மேற்பார்வையில் நாலு பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பழம் பறித்தார்கள். பதம் வராத கை என்று இருபது வருஷமாகப் பேர் வாங்கியவன், காலையில் மாடிக்கு வந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்கிறபோது அந்தக் கையைப் பார்த்தே ஆச்சரியப்பட்டான். மங்கையர்க்கரசியிடம், "கொஞ்சம் செடி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான். அவளும் சும்மா ஏதோ பூச்செடி என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது வருஷம் ஒரு சித்திரை நாளில் அவள் போன் பண்ணினாள். சாப்பிட்டாச்சா என்றாள், ஆச்சு என்றான். சரக்கைப் பற்றி அன்றைக்குப் பேச ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் மௌனமாக இருந்தது. அந்த மௌனம் நீண்டுகொண்டே போய், லைன் கட்டாகிவிட்டது போலிருக்கிறது என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்து, ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள். வைத்த பிறகுதான் மங்கையர்க்கரசிக்கு லைன் கட்டாகவில்லை என்பது உறைத்தது. முற்றத்தில் போய் நின்றாள். ஆர்னே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இந்த மனிதரோடு பேசாமல் இருப்பதைப் போலவே புருஷனோடும் பேசாமல் இருக்க ஆரம்பித்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது.

தர்மவதியிடம் போய், "அக்கா, நான் போறேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள்.

தர்மவதி திட்டவில்லை. ஊரை விட்டு முப்பது வருஷமாகிப் போனவள் அவள். "போம் பிள்ளை" என்றாள். "ஒராளாவது திரும்பிப் போங்கோ."

மதுரையில் விமானம் இறங்கிய அந்த நிமிஷத்தில் கனகவேலின் மாடிக்கு வெயில் திரும்பிவிட்டது. அவன் அப்போது விமான நிலையத்து வாசலில் நின்றிருந்ததால் பார்க்கவில்லை. மூன்று பெரிய பெட்டிகளோடு அவள் வெளியே வந்தாள். அவற்றைத் தூக்கிக் காரில் ஏற்றும்போது அவற்றின் கனத்திலிருந்தே அவள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "இளைச்சுட்ட" என்றான். "நீங்க வெளுத்துட்டீங்க" என்றாள். உண்மைதான், நாலு வருஷமாக மேகத்தடியில் இருந்தவன்.

இரண்டு மூன்று நாள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. தெருவே வந்து பார்த்தது. அவள் மீன் குழம்பு வைத்தாள், அவன் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் காது மாடியில் இருப்பது மாதிரி இருந்தது. அடிக்கடி எழுந்து மேலே போனான். "என்னங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, தண்ணி தொறந்துவிட்டேன்" என்றான். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் அவள் பின்கட்டில் யாரும் புழங்காத பழைய குளியலறையின் கதவைத் திறந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் மாவு டப்பாக்களாக இருந்தன. ஒவ்வொன்றிலும் செடி, ஒவ்வொரு செடியின்மேலும் ஈரச் சாக்கு. சாக்கை விலக்கிப் பார்த்தாள். இலை ஓரமெல்லாம் கருகி, காம்பு துவண்டு, பழுக்காத பழங்கள் சுருங்கிக் கிடந்தன. மாடிக்குப் போனாள். அங்கே கண்ணுக்கெட்டின வரை அதே டப்பாக்கள், மேலே கட்டியிருந்த பச்சை வலையைத் துளைத்துக்கொண்டு வெயில் இறங்கியது. கனகவேலும் பாண்டியம்மாளும் குனிந்து, செத்த செடிகளைப் பிடுங்கி ஒரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடை நிறைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பாண்டியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

"இவ்வளவு செடியா வச்சிருந்தீங்க?" என்றாள் மங்கையர்க்கரசி.

"கொழும்புக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன்."

"சொல்லவே இல்லையே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்." அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "நீ இருக்குற இருப்புல இதெல்லாம் என்ன பெருசுன்னு..."

அவள் ஒரு டப்பாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு பழம் சிவந்திருந்தது. அதைப் பறித்து வாயில் போட்டாள். மென்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபது வருஷம் அவள் பிசைந்த மாவை வாயில் போட்டுவிட்டு அவன் சொன்னதைத்தான் அவள் கேட்டுப் பழகியிருந்தாள். அவன் செய்ததை அவள் ருசி பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கு" என்றாள். "ரொம்ப நல்லா இருக்குங்க."

கனகவேல் சொல்லக்கூடாது என்று அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வார்த்தை அந்தச் சமயத்தில் தானாக வெளியே வந்தது.

"செடி சாகுது மங்கை."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. "அதுக்காகச் சொல்லல" என்றான் அவசரமாக. "நீ இரு. செடி போனா போகுது. நீ இரு."

அவன் மனசாரத்தான் சொன்னான். அவளுக்கும் அது தெரிந்தது. அவள் எழுந்துபோய்க் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் பாண்டியம்மாள் கூடையைக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல், இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தான் வருவதற்கு முன்னால் இந்த மாடியில் ஒரு மனிதன் சந்தோஷமாக இருந்திருக்கிறான், அது தனக்குத் தெரியாமலே போயிருக்கிறது என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். கோபமாக இருக்க வேண்டும் என்று பார்த்தாள், கோபம் வரவில்லை.

"எனக்கும் அங்க ஒன்பது பேர் இருக்காங்க" என்றாள் கடைசியில். "நான் போயிட்டு வர்றேங்க."

அவன் தடுத்தான். ஒரு நாள் முழுக்கத் தடுத்தான், அழுதான்கூட. ஆனால் மறுநாள் விமான நிலையத்துக்குப் பெட்டிகளை அவன்தான் தூக்கினான். மூன்றில் ஒன்றை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டாள்.

பேர்கனில் முற்றத்துக்கு வெயில் வந்த அந்த நேரத்தில் மதுரையில் தூறல் விழுந்தது. கனகவேல் பச்சை வலையை அவிழ்த்தான், குளியலறையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக மேலே சுமந்து வந்து வரிசையாக வைத்தான். பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் பிழைக்கும்போலத்தான் இருந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. போன் அடித்தது.

"வந்து சேர்ந்துட்டேன்" என்றாள்.

"தெரியும்" என்றான்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

பழைய மௌனம் வந்து நடுவில் உட்கார்ந்தது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனபோது, அங்கே ஏதோ சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"மங்கை? என்னாச்சு?"

"ஆர்னே செத்துப் போயிட்டாருங்க."

"யாரு?"

"ஆர்னே. நான் அங்க இருந்தப்ப போயிட்டாரு. மழையிலயும் தினம் வந்து உக்காந்திருந்தாராம். அக்கா எவ்வளவோ சொல்லியும் கேக்கலையாம். அப்புறம் ஒருநாள் வரலையாம்."

கனகவேல் அந்தப் பெயரை நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது சின்னவரா பெரியவரா, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒன்றும் தெரியவில்லை. தன் மனைவி ஒருவருக்காக இப்படி அழுகிறாள், அது யாரென்று தனக்குத் தெரியவில்லை.

"யாரும்மா அவரு?" என்றான். "எனக்குத் தெரியாதே. சொல்லு."

"என்னத்தச் சொல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லைங்க அவரு."

"பரவாயில்ல. சொல்லு. எப்படி இருப்பாரு?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உசரமா இருப்பாரு" என்று ஆரம்பித்தாள். "வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு. வந்ததும் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்குவாரு, முழங்கை வரைக்கும், பாத்துப் பாத்து..." தூறல் வலுத்து மழையானது. பாண்டியம்மாள் படியிலிருந்து குடையை நீட்டி, "உள்ள வா தம்பி" என்று கூப்பிட்டாள். கனகவேல் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, போனில் தண்ணீர் படாமல் இன்னொரு கையால் பொத்திக்கொண்டு, "ம்" என்றான். "ம், அப்புறம்?"